சொல்லாமல் சொன்ன காதல்: ஒரு கார்ட்டூனின் ஏழு வருடக் கதை

ஒருத்திக்கு ஆயிரம் வயது. ரத்தக் காட்டேரி. ஆனால் ரத்தம் தேவையில்லை, சிவப்பு நிறம் போதும். ஸ்ட்ராபெர்ரியில் பல்லைப் பதித்தால் பழம் வெளுத்துப்போகும், அவள் பசி ஆறிவிடும். கோடரியையே கிடாராக்கித் தோளில் மாட்டியிருப்பாள். பெயர் மார்சலீன்.

இன்னொருத்திக்கு எண்ணூறு வயதுக்கு மேல். பபிள்கம்மால் ஆன உடம்பு, தலை முதல் கால் வரை பிங்க். மிட்டாய் ராஜ்ஜியத்தின் இளவரசி, கூடவே விஞ்ஞானி. பெயர் பானிபெல் என்றாலும் ஊரெல்லாம் 'பபிள்கம் இளவரசி' என்றுதான் அழைக்கும். 'பானி' என்று சுருக்கிக் கூப்பிடும் உரிமை மார்சலீனுக்கு உண்டு.

'அட்வெஞ்சர் டைம்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் பாத்திரங்கள் இவர்கள். பெண்டில்டன் வார்ட் உருவாக்கிய இந்தத் தொடர், கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2010 ஏப்ரல் 5-ம் தேதி தொடங்கி 2018 செப்டம்பர் 3-ம் தேதி முடிந்தது. பத்து சீசன்கள், ஒவ்வோர் அத்தியாயமும் சுமார் பதினொரு நிமிடம். ஃபின் என்ற பையனும் ஜேக் என்ற மந்திர நாயும் வாளைத் தூக்கிக்கொண்டு அரக்கர்களோடு மோதுவதுதான் மேலோட்டமான கதை. அந்தச் சாகசங்களுக்கு நடுவில், இரண்டு பெண்களின் பழைய காதல் ஒன்று விட்டுவிட்டு வந்துபோனது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரையில் அது ஐயத்துக்கு இடமில்லாமல் வெளிப்பட ஏழு வருடம் ஆனது.

அந்த ஏழு வருடங்களில் என்ன நடந்தது என்பது கார்ட்டூன் பார்க்கும் குழந்தைகளுக்கு மட்டுமான செய்தி அல்ல. அவர்களோடு ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

கதவு திறக்கும் பாட்டு

2011 செப்டம்பர் 26 அன்று மூன்றாவது சீசனின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. 'வாட் வாஸ் மிஸ்ஸிங்' என்று பெயர். கதவுகளை உண்டாக்கி அவற்றின் வழியே தப்பிக்கும் ஒரு திருடன், ஆளுக்கொரு பொருளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். ஒவ்வொன்றும் அவரவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருள். துரத்திப் போனால், எதிரே பூட்டிய கதவு. உண்மையான ஒரு இசைக்குழு உண்மையாகப் பாடினால்தான் அது திறக்கும்.

எல்லோரும் சேர்ந்து பாட முயல்கிறார்கள். மார்சலீன் கிடாரை எடுக்கிறாள். முதலில் இளவரசியைச் சீண்டும் கோபப் பாட்டாகத்தான் ஆரம்பிக்கிறது. போகப்போகக் குரல் மாறுகிறது. நீ எதிர்பார்க்கிற அளவுக்கு நான் நல்லவளாக இல்லைதான், உனக்கு நான் ஒரு தொல்லைதான் என்ற வலி வெளியே வருகிறது. கோபத்துக்கு அடியில் கிடந்த ஏக்கம் தலைகாட்டும்போது கதவும் அசைந்துகொடுக்கத் தொடங்குகிறது. எல்லோரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்த மார்சலீன் சட்டென்று நிறுத்திவிடுகிறாள்.

கடைசியில் எப்படியோ கதவு திறந்து, திருட்டுப்போனவை கிடைக்கின்றன. ஜேக்குக்கு அவனுடைய சின்ன வயதுப் போர்வை. இளவரசிக்கு ஒரு டி-ஷர்ட். ராக் இசைக்குழுக்காரர்கள் போடுவது மாதிரியான கறுப்பு டி-ஷர்ட். என்றோ மார்சலீன் கொடுத்தது. இதை இன்னுமா வைத்திருக்கிறாய், போட்டுப் பார்த்ததே இல்லையே என்று மார்சலீன் வியக்க, தூங்கும்போது தினமும் இதைத்தானே போடுகிறேன் என்கிற தோரணையில் பதில் வருகிறது. மார்சலீனிடம் எதுவுமே திருட்டுப்போகவில்லை. அவர்களோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் கூடவே வந்திருக்கிறாள்.

அவ்வளவுதான். 'காதல்' என்ற சொல் எங்கும் இல்லை. முத்தம் இல்லை. கை பிடிக்கவில்லை. சின்னக் குழந்தைகள் பாட்டை ரசித்துவிட்டுப் போனார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள், முக்கியமாக அப்படி ஓர் ஏக்கத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தவர்கள், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்தக் காட்சி எப்படி உருவானது என்பதற்கு அந்தத் தொடரின் வேலைமுறையே காரணம். பொதுவாக எழுத்தாளர் வசனம் எழுதித் தருவார், ஓவியர் அதற்கு வரைவார். அட்வெஞ்சர் டைமில் அப்படி இல்லை. சில பக்கக் கதைச்சுருக்கம்தான் கொடுக்கப்படும். ஸ்டோரிபோர்டு வரைபவர்களே வசனத்தையும் எழுதுவார்கள். இந்த அத்தியாயத்தை வரைந்தவர்கள் ஆடம் மூட்டோவும் ரெபெக்கா ஷுகரும். மார்சலீனின் பாட்டு ஷுகர் எழுதியது. நிறைய கைகள் தாண்டிப் போக வேண்டிய ஓர் உணர்வு, வரைபவரின் பென்சிலிலிருந்து நேராகத் திரைக்குப் போனது இப்படித்தான்.

பேச்சு வந்ததும் வாய் மூடியது

அத்தியாயம் வெளியான கையோடு ஒரு சிக்கல் வந்தது. தொடரின் தயாரிப்பில் பங்குகொண்ட நிறுவனம், ஒவ்வோர் அத்தியாயத்தையும் அலசும் குறும்படங்களை யூடியூபில் வெளியிட்டு வந்தது. அப்படி ஒன்றில், இந்த இருவருக்கும் இடையே நட்பைத் தாண்டி ஏதோ இருந்திருக்குமோ என்று ரசிகர்களிடமே கேள்வி கேட்டார்கள். விவாதம் சூடானது. படம் உடனடியாக நீக்கப்பட்டது. ரசிகர்களின் ஊகத்தில் அளவு மீறிக் கலந்துவிட்டோம் என்ற விளக்கமும் வந்தது.

யோசித்துப் பாருங்கள். காட்சியை நீக்கவில்லை. அந்தக் காட்சிக்கு இதுதான் அர்த்தமா என்று கேட்டதைத்தான் நீக்கினார்கள். இருக்கலாம், ஆனால் அதைப் பற்றிப் பேசக் கூடாது. இந்த ஏற்பாடு நிறையக் குடும்பங்களுக்கும் புதிதல்ல. கல்யாணமே செய்துகொள்ளாத ஓர் அத்தையும், இருபது வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் 'சிநேகிதி'யும் விசேஷங்களுக்குச் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள். சாப்பாடு பரிமாறப்படும், கேள்வி மட்டும் கேட்கப்படாது.

2014-ல் மார்சலீனுக்குக் குரல் கொடுத்த ஒலிவியா ஓல்சன், ஒரு புத்தக நிகழ்ச்சியில் ரசிகர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். இருவரும் முன்பு காதலித்தவர்கள்தான் என்று பெண்டில்டன் வார்டே தன்னிடம் சொன்னதாகவும், தொடர் ஒளிபரப்பாகும் சில நாடுகளில் அது சட்டவிரோதம் என்பதால் காட்ட முடியவில்லை என்றும் கூறினார். செய்தி பரவியதும், மேடைகளில் தான் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்வதுண்டு என்று ட்விட்டரில் எழுதிப் பின்வாங்கினார்.

சட்டவிரோதமான நாடுகள் எவை என்று இந்தியாவில் இருந்து கேட்க வேண்டியதில்லை. 2013 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், டெல்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்து 377-வது பிரிவை மறுபடி உயிர்ப்பித்திருந்தது. மிட்டாய் இளவரசியின் காதலுக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். உலகம் முழுக்க விற்கப்படும் ஒரு கார்ட்டூனில் எது காட்டப்படும் என்பதை, கடைசியாக அதை வாங்கும் நாட்டின் சட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

டி-ஷர்ட்டின் விலை

வாய் மூடியிருந்த அந்தக் காலத்திலும் வரைபவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2013-ல் வந்த 'ஸ்கை விட்ச்' அத்தியாயத்தில் இளவரசி காலையில் எழுந்ததும் அந்தக் கறுப்பு டி-ஷர்ட்டை எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் உடுத்திய துணியை முகர்ந்து பார்ப்பது எதற்கு என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே அத்தியாயத்தில் மார்சலீன் சிறுமியாக இருந்தபோது கிடைத்த கரடிப் பொம்மை ஒரு மந்திரக்காரியிடம் சிக்கியிருக்கிறது. அதை மீட்க இருவரும் போகிறார்கள். நினைவுகள் ஊறிய பொருட்களிலிருந்துதான் மந்திரக்காரிக்குச் சக்தி கிடைக்கிறது. அதற்கு இணையான நினைவு கொண்ட வேறொரு பொருளைக் கொடுத்தால்தான் பொம்மை திரும்பக் கிடைக்கும். மார்சலீனுக்குத் தெரியாமல் இளவரசி அந்த டி-ஷர்ட்டைக் கொடுத்துவிடுகிறாள். பொம்மையை அணைத்துக்கொண்டு மார்சலீன் மகிழ்கிறாள். அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது அவளுக்குத் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும்.

2015-ல் இன்னொரு அத்தியாயம். ஆட்சியை இழந்து, ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் பூசணித் தோட்டம் போட்டுக்கொண்டு இருக்கிறாள் இளவரசி. ராத்திரியில் மார்சலீன் வருகிறாள். வேலை வேலை என்று இருந்து எல்லோரையும், உன்னையும், தள்ளிவிட்டேன் என்று உடைந்து அழுகிறாள் பானி. பிறகு மார்சலீனின் தோளில் சாய்ந்தபடியே தூங்கிப்போகிறாள்.

தமிழ் வாசகருக்கு இப்படிச் சொல்லாமல் சொல்வது பழக்கமான கலைதான். தொல்காப்பியம் இதற்கு உள்ளுறை என்று பெயரே வைத்திருக்கிறது. சங்கத் தலைவி நாரையைப் பற்றியோ நண்டைப் பற்றியோ பேசுவாள். கேட்கிற தோழிக்கு அவள் மனசு புரிந்துவிடும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் புலவர் அழகுக்காக மறைத்தார். வேண்டுமென்றால் அடுத்த பாட்டிலேயே வெளிப்படையாகச் சொல்லவும் அவருக்குச் சுதந்திரம் இருந்தது. இங்கே மறைத்தது வேறு வழியில்லாமல். காட்சி அழகாக அமைந்துவிட்டது என்பதற்காக, அந்தக் கட்டாயத்தையும் அழகென்று சொல்லிவிட முடியாது.

குழந்தைகளுக்கு எதற்கு இதெல்லாம்?

பெற்றோர் பலரின் கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. பதிலுக்கு அதே தொடரைக் கொஞ்சம் கவனித்தால் போதும். ஃபினுக்கு முதல் சீசனிலிருந்தே பபிள்கம் இளவரசி மேல் ஒரு கிறுக்கு. பிறகு தீ இளவரசி என்று ஒரு தோழி வருகிறாள், பிரிவும் வருகிறது. நாய் ஜேக்குக்கு வானவில் குதிரை போன்ற ஒரு காதலி இருக்கிறாள், அவர்களுக்குக் குட்டிகளும் பிறக்கின்றன. இதையெல்லாம் பார்த்து 'குழந்தைகள் கார்ட்டூனில் எதற்குக் காதல்' என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. ராஜகுமாரன் முத்தத்தில் ராஜகுமாரி கண் விழிக்கும் கதையைத்தான் மூன்று வயதுக் குழந்தைக்கும் சொல்லித் தூங்க வைக்கிறோம். காதல் பிரச்னையாக இருந்ததே இல்லை. யார் யாரை என்பதுதான் பிரச்னை.

ரெபெக்கா ஷுகர் பிறகு 'ஸ்டீவன் யூனிவர்ஸ்' என்ற சொந்தத் தொடரை உருவாக்கினார். ஆண், பெண் இருபாலர் மீதும் ஈர்ப்பு உள்ளவர் தான் என்று 2016-ல் சான் டியாகோ காமிக்-கான் மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். குழந்தைகளுக்கான கதைகளில் பெரும்பாலானவை அன்பைப் பற்றியவை. உன்னைப் போன்ற ஒருவரையும் இன்னொருவர் நேசிக்க முடியும் என்ற கதையைக் கேட்காமலே வளர்ந்தால், அது உன்னையே மாற்றிவிடும் என்பது அன்று அவர் பேசியதன் சாரம்.

அதன் அர்த்தம் புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். 2011-ல் பத்து வயதில் மார்சலீனின் பாட்டைக் கேட்ட ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். சக மாணவி ஒருத்தி சிரித்தால் தனக்கு மட்டும் ஏன் காது சூடாகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. திரையில் ஒருத்தி, தன்னைப் போலவே தவிக்கிறாள் என்று தோன்றுகிறது. அது நிஜமா, தானே கற்பனை செய்ததா? பெரியவர்கள் மறுக்கிறார்கள். பேசியவர்கள் பின்வாங்குகிறார்கள். பத்திலிருந்து பதினேழு வரை, தான் யார் என்று ஒரு பெண் தெரிந்துகொள்கிற வருடங்கள் முழுவதும், 'நீயாக எதையோ நினைத்துக்கொள்கிறாய்' என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பதில். சொல்லாமல் விடுவதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்றால், அது அவள்தான்.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. 2016-ல் பிரிட்டனில் ஸ்டீவன் யூனிவர்ஸின் ஓர் அத்தியாயத்தில் இரண்டு பெண் பாத்திரங்களின் நடனக் காட்சி வெட்டப்பட்டது. 2017 ஜூனில் கென்யாவின் திரைப்படத் தணிக்கை வாரியம் ஆறு கார்ட்டூன் தொடர்களுக்குத் தடை அறிவித்தது. தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கின்றன என்பது காரணம். அந்த ஆறில் ஸ்டீவன் யூனிவர்ஸும் அட்வெஞ்சர் டைமும் இருந்தன.

செப்டம்பர் 2018

ஆனாலும் காற்று மெல்லத் திசை மாறிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில் நிக்கலோடியன் நிறுவனத்தின் 'லெஜண்ட் ஆஃப் கோரா' தொடர், கோராவும் அசாமியும் கைகோத்து வேறோர் உலகத்துக்குள் நடந்துபோவதோடு முடிந்தது. அதுவும் மறைபொருள்தான். ஆனால் மூன்று நாள் கழித்து, அவர்கள் காதலர்களே என்று அதை உருவாக்கியவர்கள் பகிரங்கமாக எழுதினார்கள். ஊகித்தவர்கள் முட்டாள்கள் அல்ல என்று அதிகாரபூர்வமாகத் தெரிந்த நாள் அது. 2018 ஜூலையில் ஸ்டீவன் யூனிவர்ஸில் ரூபி, சஃபையர் இருவருக்கும் கல்யாணமே நடந்தது.

இரண்டு மாதம் கழித்து அட்வெஞ்சர் டைமின் கடைசி அத்தியாயம். பெரும் போர். ஓர் அரக்கனின் தாக்குதலில் இளவரசி நசுங்கிப் போய்விட்டாள் என்றே தோன்றுகிறது. மார்சலீன் வெறிகொண்டு அந்த அரக்கனைத் துவம்சம் செய்கிறாள். கவசம் காப்பாற்றியதால் பானி உயிரோடு இருக்கிறாள். ஓடிவந்து கட்டிக்கொண்ட மார்சலீனுக்கு, இனியும் மறைத்து வைக்க முடியவில்லை. முத்தமிட்டுக்கொள்கிறார்கள்.

அங்கே அவர்களுக்குள் ஒரு 'தருணம்' இருக்க வேண்டும் என்றுதான் கதைச்சுருக்கத்தில் இருந்தது. அதை முத்தமாக வரைந்தவர் ஸ்டோரிபோர்டு கலைஞர் ஹானா நிஸ்ட்ரோம். அப்போது தொடரை நடத்திக்கொண்டிருந்தவர் ஆடம் மூட்டோ, 2011-ல் அந்தப் பாட்டு அத்தியாயத்தை ஷுகரோடு சேர்ந்து வரைந்த அதே மூட்டோ. இம்முறை யாரும் எதையும் நீக்கவில்லை. விளக்கமும் கேட்கவில்லை.

அது செப்டம்பர் 3. மூன்றே நாளில், செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள். ஆனால் 'சில நாடுகளில் சட்டவிரோதம்' என்ற பட்டியலில் இருந்து அந்த வாரம் ஒரு பெரிய நாடு வெளியே வந்தது.

2020 நவம்பரில் 'அப்சிடியன்' என்ற சிறப்புப் படம் வந்தது. மார்சலீனும் பானியும் எப்படிப் பிரிந்தார்கள், இப்போது எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதே அதன் கதை. ஓரத்தில் ஒளிந்திருந்த காதல் நடுவீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்றைக்குப் பத்து வயதில் இந்தத் தொடரைப் பார்க்கத் தொடங்கும் குழந்தை, லீவு நாட்களில் மொத்தத்தையும் முடித்துவிடும். கோபப் பாட்டு ஒரு நாள், முத்தம் சில வாரத்தில். நடுவில் ஏழு வருடம் இருந்ததே அதற்குத் தெரியாது. "இவங்க ரெண்டு பேரும் லவ்வர்ஸா அம்மா?" என்று முதல் பாட்டிலேயே கேட்டுவிடலாம்.

அந்தக் கேள்விக்கு வீட்டில் என்ன பதில் வரும் என்பதுதான் இனி மிச்சம். சேனலை மாற்றலாம், அதட்டலாம், காதில் விழாத மாதிரி இருக்கலாம். அல்லது "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அடுத்த காட்சியைச் சேர்ந்து பார்க்கலாம். கேட்ட குழந்தைக்கு அது சாதாரணத் தகவலாக இருந்து மறந்தும் போகலாம். பக்கத்தில் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தை, அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்ததாகவும் இருக்கலாம்.